சலேத்தின் ஒருசந்தி

தேரிச் சிஸ்டரிடம் யோசனை கேட்கப் போகிறவர்கள், போனபோது இருந்ததைவிடக் கூடுதலாகக் குழம்பித்தான் திரும்பி வருவார்கள். ஊருக்கே இது தெரியும். தெரிந்தும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர் பெயர் சிஸ்டர் பெனடிக்டா. பெரிய மடத்தில் உத்தரவு வாங்கிக்கொண்டு, கடற்கரை ஊருக்கு மேற்கே செம்மணல் மேடான தேரியில், ஒரு சின்னக் கோயிலும் ஓர் அறையுமாகத் தனியே இருந்தார். சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பூசை அப்பம் சுட்டுக் கொடுப்பது அவர் வேலை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. பழுத்த கிழவி ஒருத்தியை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதலில் அதிலேயே குழம்புவார்கள்.

சலேத் வந்தது தவக்காலத்தின் நடுவில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில். தோளில் கைக்குழந்தை ஜெனோ. மணலில் ஒவ்வொரு அடிக்கும் செருப்பு புதைந்தது. இரண்டு தடவை தலை சுற்றி நின்றுவிட்டாள். உடைமரத்தைப் பிடித்து, முள் குத்தி, கையை உதறிக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

சிஸ்டர் அறை வாசலிலேயே அடுப்பு மூட்டி, நீள் பிடி வைத்த இரட்டை இரும்புத் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா. காலை உதறிட்டு வா. மாவுல மண்ணு விழும்."

"சிஸ்டர், ஒரு கேள்வி."

"கேளு."

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த கேள்வியை சலேத் ஒரே மூச்சில் கொட்டினாள். "நேர்ச்சையை மீறினா பாவமா, இல்ல, மீறாம இருந்தா பாவமா?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "எது பாவம்னு நான் சொன்னா, நீ மத்ததச் செய்வே. அப்படித்தானே?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப முதல்ல கதையச் சொல்லு. முகம் வெளுத்துக் கிடக்க. உக்காந்து சொல்லு."

கதை இதுதான். ஜெனோ பிறந்த சில நாளிலேயே மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவன் அப்பா ரீகன் கப்பல் வேலையில் எங்கேயோ. சலேத் கண்ணாடிக்கு வெளியே நின்று நேர்ந்துகொண்டாள். ஆண்டவரே, இவன் பிழைத்தால் வருகிற தவக்காலம் முழுக்க ஒருசந்தி இருப்பேன். ஒரு நாளும் விடமாட்டேன். மத்தியானம் ஒரு வேளைக் கஞ்சி, அதோடு சரி. மீன், முட்டை எதுவும் நாக்கில் படாது.

பிழைத்தான்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. சலேத் சொன்ன சொல் தவறாமல் தொடங்கினாள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஒருசந்தி என்றால் எத்தனை கவளம், சுத்தபோசனம் என்றால் எதெல்லாம் கூடாது, பூசையில் நன்மை அப்பம் வாங்கும் முன் எவ்வளவு நேரம் வாய் நனைக்கக் கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

கொஞ்ச நாளில் பால் குறைந்தது. குழந்தை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வீறிட்டது. டப்பாப் பாலைக் கொடுத்தால் கக்கியது.

எடை பார்க்க வந்த நர்ஸம்மா தராசையும் பார்த்தார், இவளையும் பார்த்தார். "நீ என்னம்மா சாப்பிடுத?" சொன்னாள். "உனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு? இன்னைக்கே சாப்பிடு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுப் போனார்.

மாமியார் அடுக்களையிலிருந்து சொன்னாள். "ஏட்டி, அவளுக்கென்ன, சொல்லிட்டுப் போவா. ஆண்டவருக்குக் குடுத்த வாக்கை நீ எடுத்துக்கிட்டா, அவரு குடுத்த புள்ளைய அவரு எடுத்துக்கிட மாட்டாரா?"

அன்றைக்கு சலேத்துக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை.

ஊர்க் கோயில் பங்குச்சாமியிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "பால் குடுக்கிற தாய்கிட்டத் திருச்சபையே ஒருசந்தி கேக்கலம்மா. பயந்தா, உன் நேர்ச்சைய நான் மாத்தித் தாரேன். ஒருசந்திக்குப் பதிலா தினம் ஒரு ஜெபமாலை சொல்லு. போய்ச் சாப்பிடு."

சலேத் பறந்து வீட்டுக்கு வந்தாள். அன்று சாப்பிட்டாள். சாயங்காலம் ஜெபமாலையோடு உட்கார்ந்தாள். பாதியில் கண் செருகிவிட்டது. விழித்தபோது மணிமாலை குழந்தையின் வாயில் இருந்தது.

பாதி ஜெபமாலை கணக்கில் வருமா? முதலிலிருந்து சொன்னாள். மறுபடியும் தூங்கிப்போனாள்.

மறுநாள் எழுந்ததும் அவளுக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மாற்றித் தந்த நேர்ச்சையையும் மீறியாகிவிட்டது. இனி மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. அவளாகவே பழைய ஒருசந்திக்குத் திரும்பினாள். மீறியதற்குத் தண்டனையாக மத்தியானக் கஞ்சியையும் பாதியாக்கிக்கொண்டாள்.

"நேத்தையிலிருந்து சுத்தமா பால் இல்ல சிஸ்டர்" என்று முடித்தாள்.

சிஸ்டர் இரும்புத் தட்டைத் திறந்து, காகிதம் போன்ற வெள்ளை அப்பத்தை உரித்து எடுத்தார்.

"பங்குச்சாமி சரியாத்தானே சொல்லிருக்காரு?"

"அவரு சரியாத்தான் சொன்னாரு. நான்தான் தூங்கிட்டேன்."

"நானும்தான் தூங்குவேன்."

"நீங்க சிஸ்டர்."

"அதனால?"

சலேத் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, வேலை கிடக்கு" என்றார் சிஸ்டர். குழந்தையை வாங்கி, வாசல் தாழ்வாரத்து உத்தரத்தில் தொங்கிய பழைய சேலைத் தொட்டிலில் போட்டார். அது வரும் பெண்களுக்காகவே கட்டி வைத்த தொட்டில். பிறகு சலேத்தின் முன்னால் ஒரு பலகை, ஈரத்துணியில் சுற்றிப் பதமாக்கிய அப்பங்கள், வட்டமாக வெட்டி எடுக்க ஒரு சின்ன இரும்புக் குழாய், ஒரு வெறும் டப்பா எல்லாவற்றையும் வைத்தார்.

"இதை வெட்டி டப்பாவ நிறைக்கணும். இங்க ஒரு ஒழுங்கு உண்டு. டப்பா நிறையுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பேசக் கூடாது. என்ன ஆனாலும். முடியுமா?"

"முடியும் சிஸ்டர்."

சொல்லும்போதே சலேத்தின் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு யாரோ ஒருவர் இதைச் செய், இதைச் செய்யாதே என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். இதை ஒழுங்காக முடித்துவிட்டால் போதும். ஒரு பிசகில்லாமல் முடித்துவிட்டால், ஆண்டவர் அந்தத் தூங்கிப்போன ஜெபமாலைகளை மறந்தாலும் மறக்கலாம்.

வெட்டினாள். குழாயை அழுத்தி ஒரு திருகு திருகினால் பூசைக்கான சின்ன வட்ட அப்பமாக ஓர் ஓஸ்தி விழுந்தது. ஓரம் சிதைந்தவற்றைத் தனியே ஒதுக்கினாள். சிஸ்டர் கையை நீட்டி, ஒதுக்கியவற்றை எடுத்து டப்பாவுக்குள்ளேயே போட்டார்.

உடைந்திருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தாள். பேசக் கூடாது.

"எப்படியும் பூசையில உடைக்கத்தானே போறாங்க" என்றார் சிஸ்டர், அவளைப் பார்க்காமலேயே.

குழந்தை அசைந்தது.

முதலில் சிணுங்கல். சலேத் தலையைத் திருப்பாமல் வெட்டினாள். பிறகு விட்டு விட்டு அழுகை. சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் கரண்டியால் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். தொட்டில் அவர் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு ஆட்டு ஆட்டினால் என்ன? ஆட்டவில்லை.

இது சோதனை என்று சலேத் நினைத்தாள். மகனைப் பலி கேட்டு ஆபிரகாமுக்கு வந்ததுபோல. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக வெட்டினாள். வேகத்தில் ஓஸ்திகள் நொறுங்கின. டப்பா பாதிகூட ஆகவில்லை.

குழந்தை வீறிட்டது. பசி அழுகை. தொட்டில் சேலை அதன் கால் உதையில் குலுங்கியது.

சிஸ்டர் அடுத்த அப்பத்துக்கு மாவு ஊற்றினார்.

ஆண்டவரே, இந்த டப்பா மட்டும் நிறைந்துவிட்டால் என்று சலேத் தொடங்கினாள். மேலே சொல்ல வரவில்லை. குழந்தையின் குரல் கம்மிவிட்டது. அழுகை வெளியே வராமல் மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் கேட்ட அதே சத்தம்.

நெஞ்சில் ஏதோ சுருக்கென்று இழுத்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

குழாய் எங்கே விழுந்தது என்று தெரியாது. பலகை கவிழ்ந்ததும் தெரியாது. தொட்டிலிலிருந்து பிள்ளையை அள்ளி, சுவரோரம் சரிந்து உட்கார்ந்து மார்பில் அணைத்துக்கொண்டாள். குழந்தை முட்டியது, பிடித்தது, விழுங்கியது. அந்த விழுங்கும் சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

சிஸ்டர் எழுந்து, மணலில் சிதறிக் கிடந்த ஓஸ்திகளைப் பொறுக்கினார்.

"டப்பா நிறையல."

"நிறைய வேண்டாம்!"

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு. இவன் அழுதான்."

"அழுதா?"

"அழுதா எடுக்க வேண்டாமா? பக்கத்துலயே இருந்துக்கிட்டு மாவக் கலக்குறீங்க! நீங்கெல்லாம் ஒரு…" சலேத் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கன்னியரை எதிர்த்துப் பேசியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

சிஸ்டருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "அழுதா எடுக்கணும்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"இதையெல்லாமா புஸ்தகத்துல போடுவாங்க?"

சொல்லிவிட்டு சலேத் தானே திகைத்தாள். சிஸ்டர் மண் ஒட்டிய ஓஸ்திகளைக் கோழிக்கு வீசினார். கோழிகள் அடித்துக்கொண்டு ஓடி வந்தன.

"பால் சுத்தமா இல்லன்னியே" என்றார்.

"இல்லதான் சிஸ்டர். சத்தியமா இல்ல. இப்ப எப்படின்னு தெரியல. கொஞ்சம்தான் வருது."

"நீ வரவழச்சியா?"

"நான் எங்க வரவழச்சேன்? அழுதான். அதுவா வருது."

"இவன் என்ன ஒருசந்தி இருந்தான்?"

சலேத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "விளையாடாதீங்க சிஸ்டர். இவன் பச்சப்புள்ள."

"ஜெபமாலையாவது சொன்னானா?"

"மணிமாலைய வாயில போட்டுச் சப்பினான்."

"அது போதும்னு நெனச்சியோ, பால் குடுக்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சிஸ்டர்? நான் இவனுக்கு அம்மா. அது வேற. ஆண்டவர் வேற."

"வேறதான்" என்று தலையாட்டினார் சிஸ்டர். "உன்ன மாதிரி நல்ல மனசெல்லாம் அவருக்கு இருக்குமா?"

சலேத் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ, நான் அப்படிச் சொல்லல!"

"நீ சொல்லல. உங்க மாமியா சொன்னதத்தான் நீ நம்பிக்கிட்டுத் திரியுத."

சிஸ்டர் உள்ளே போனார். தட்டு உருளும் சத்தம் கேட்டது. வந்தபோது கையில் சோறு. சோற்றின் மேல் ஒரு குத்து சுறாப்புட்டு. பூண்டும் மிளகும் தட்டிப் போட்டது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று கடற்கரை வீடுகளில் செய்து கொடுப்பது. காலையில் மீன் விற்க வந்தவள் கோயிலுக்கென்று கொடுத்துவிட்டுப் போன சுறா.

வாசனை மூக்கில் ஏறியதும் சலேத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க சாப்பிடலையா சிஸ்டர்?"

"நான் இன்னைக்கு ஒருசந்தி."

சலேத் விசுக்கென்று திரும்பினாள். "பாத்தீங்களா! நீங்க மட்டும் இருக்கீங்க!"

"இருக்கேன்."

"அப்ப ஒருசந்தி வேணும்கிறீங்களா, வேண்டாம்கிறீங்களா? ஒண்ணும் புரியலையே எனக்கு."

"எனக்குப் பசிச்சா அவரு ஞாபகம் வரும். அதுக்காக இருக்கேன். உனக்குப் பசிச்சா என்ன வருது?"

சலேத் யோசித்தாள். பொய் சொல்ல முடியவில்லை. "பயம் வருது."

"அவரு ஞாபகம்?"

"பயத்துலதான் வருது."

சிஸ்டர் தட்டை அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அணைந்துபோன அடுப்பை ஊதினார். வெளியே காற்று மணலை அள்ளிச் சுவரில் வீசியது. சலேத்துக்கு எல்லாம் புரிவதுபோலவும் இருந்தது, ஒன்றும் புரியாததுபோலவும் இருந்தது. இந்தச் சோற்றை மட்டும் தின்றுவிடலாம் என்று கை போகும். கண்ணாடிப் பெட்டி கண்ணுக்குள் வரும். கை திரும்பி வந்துவிடும்.

பங்குச்சாமி சொன்னது சரி. நர்ஸம்மா சொன்னது சரி. சிஸ்டர் சொன்னதுகூடச் சரியாகத்தான் இருக்க வேண்டும். எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளை அவளுடையது.

"சிஸ்டர்."

"ம்."

"நான் இதைச் சாப்பிட்டு, நாளைக்கு இவனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

இதைத்தான் அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. சிஸ்டர் ஊதுவதை நிறுத்தினார். முகத்தில் ஒட்டியிருந்த சாம்பலைத் துடைக்காமல் வந்து, அவளுக்கு எதிரில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"ஆகாதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

"நீங்க ஜெபம் பண்ணுனா?"

"பண்ணுவேன். அப்பவும் சொல்ல முடியாது."

"சாப்பிடாம இருந்தா?"

"அப்பவும்தான்."

சலேத்தின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை. ஒரு கையில் குழந்தையின் தலை, மறு கைவிரலைக் குழந்தை பிடித்திருந்தது. குடிக்கும் வேகம் குறைந்து, அதன் இமை பாதி மூடியிருந்தது.

"அப்ப நான் எதை நம்பிச் சாப்பிட, சிஸ்டர்?"

சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்தார்.

"நேத்து உங்கிட்டப் பால் இல்ல. இவன் என்ன செஞ்சான்?"

"அழுதான்."

"பெறவு?"

"முட்டி முட்டிப் பாத்தான். ஒண்ணும் வரல. அழுது அழுது, கடைசில என் நெஞ்சுமேலயே தூங்கிட்டான்."

"எதை நம்பி?" என்றார் சிஸ்டர்.

சலேத் குழந்தையின் பிடியிலிருந்து விரலை மெல்ல உருவி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.